ரன்வே தெரிகிறதா?

2 பிப்ரவரி

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். இல்லாவிட்டாலும் சொல்ல மாட்டாய். போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, பகலெல்லாம் டவரில் உட்கார்ந்து விமானங்களோடு பேசிவிட்டு வருகிறவளுக்கு உன் கத்தலையும் கேட்கத் தெம்பில்லை, எதுவானாலும் எழுது என்றாய். எழுதுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அது எனக்கு லாபம்.

விஷயம் அன்று சொன்னதுதான். விமானம் ஓட்டப் பழகுகிறேன். வேலைக்காக இல்லை, சொந்தமாக ஓட்டும் உரிமத்துக்காக. இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். பெரிய அலமாரிக்கு இறக்கை வைத்ததுபோல இருக்கும்.

எப்படி வந்தது இந்தப் பைத்தியம் என்று கேட்டாய். எங்கள் கண்ணாடிக் கடைக்கு ஒருவர் வந்தார். தன் மூக்குக்கண்ணாடி மேலேயே உட்கார்ந்துவிட்டார் மனுஷன், ஒரு காதுக்கம்பி தனியாக வந்துவிட்டது. பின்னறையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து, அவர் டீ குடித்து முடிப்பதற்குள் சரி செய்து கொடுத்தேன். அவர்தான் ஃப்ளையிங் கிளப் மாஸ்டர். "இது இல்லேன்னா இன்னிக்கு எனக்கு வானமே கிடையாதும்மா. வாங்க, ஒரு சுத்து கூட்டிட்டுப் போறேன்" என்றார். போனேன். அவ்வளவுதான் கதை.

அக்கா, அம்மா போன பிறகு என் படிப்பு நீ தேர்ந்தெடுத்தது. வேலை நீ பார்த்துக் கொடுத்தது. மாப்பிள்ளையும் நீ பார்த்தவர்தான், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இத்தனை வருஷம் ஊராருக்குத் தூரம் தெரியக் கண்ணாடி தேய்த்தவளுக்கு, தன் கண்ணால் பார்த்துத் தேடிக்கொண்ட ஒன்று வேண்டாமா? இது ஒன்றை என்னிடம் விட்டுவிடு.

பயப்படாதே. இப்போதைக்கு வகுப்பறையில் பாடம்தான் நடக்கிறது. மேகத்துக்கு எத்தனை பெயர் என்று மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன். உன் அறிவுரைகளுக்கு மிகவும் நன்றி.

உன்,
சின்னவள்


9 பிப்ரவரி

அன்புத் தங்கைக்கு,

கடிதம் வந்தது. இரண்டு முறை படித்தேன். மறைக்கிறதை முதலில் சொல்.

நம் வீட்டில் யாராவது யாருக்காவது நன்றி சொல்லி நீ கேட்டிருக்கிறாயா? அப்பா சொன்னதில்லை, அம்மா சொன்னதில்லை, நான் சொல்வதில்லை. நீ மட்டும் சொல்வாய், அதுவும் ஒரே ஒரு நேரத்தில். அப்பாவின் கைக்கடிகாரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டு, "தலை வாரி விட்டதுக்கு நன்றிக்கா" என்றவள் நீ. கணக்குப் பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டு என் கையைப் பிடித்து நன்றி சொன்னாய். பொய் சொல்லும்போது மட்டும்தான் உனக்கு மரியாதை வரும். வகுப்பறையில் மேகத்தின் பெயர் படிக்கிறவள் எனக்கு "மிகவும் நன்றி" என்று எழுத மாட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே.

நான் ஏன் வேண்டாம் என்கிறேன் என்று ஒருமுறையாவது கேட்டாயா? கேட்காமலே சொல்கிறேன். நான் வேலையில் சேர்ந்த புதிது. உன்னைப் போல் பழகுகிற பையன் ஒருவன், தனியாக வந்தான். மழைக்கு முந்திய இருட்டு. எங்கள் டவர் சின்னது, விமானத்தைத் திரையில் காட்டும் ரேடார் கிடையாது. கண்ணும் காதும்தான். ரன்வே தெரிகிறதா என்று கேட்டேன். தெரிகிறது என்றான். இறங்கலாம் என்று அனுமதி கொடுத்தேன். அவன் பார்த்தது ரன்வே இல்லை, கால்வாய்.

தப்பாகப் பார்த்தானா, தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டுப் பொய் சொன்னானா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தக் குரல் மட்டும் அப்படியே காதில் இருக்கிறது. அதே இடத்தில் உன் குரலை வைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது பழைய சொல். நீ காலை விடும் இடத்துக்கு ஆழமே கிடையாது.

மாப்பிள்ளைக்கும் உன் வாண்டுக்கும் என் அன்பு.

அக்கா


16 பிப்ரவரி

அன்புள்ள அக்கா,

பிடித்துவிட்டாய். போலீஸில் சேர்ந்திருக்க வேண்டியவள் நீ.

வகுப்பறையெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. போன மாதமே தனியாகப் பறந்துவிட்டேன். அன்று காலை மாஸ்டரோடு மூன்று முறை ஏறி இறங்கினேன். நான்காவது முறை ரன்வே ஓரத்தில் நிறுத்தச் சொல்லிக் கதவைத் திறந்து இறங்கிவிட்டார். "நீங்க போய்ட்டு வாங்க, நான் டீ குடிக்கிறேன்" என்றார். அவருடைய கனம் குறைந்ததால் விமானம் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் எழும்பிவிட்டது. பக்கத்து சீட்டைப் பார்த்தேன். பெல்ட்டை மாட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார். திட்டுவதற்கு ஆளில்லாத இடத்தில் என் வாழ்நாளில் நான் இருந்தது அதுதான் முதல் தடவை. சத்தமாகச் சிரித்தேன் அக்கா, தனியாக. இறங்கும்போது ஒருமுறை குதித்து, பிறகுதான் உட்கார்ந்தது. "ரெண்டு தடவை இறங்கினீங்க. நல்லா இருந்ததை மட்டும் கணக்குல வச்சுக்கறேன்" என்றார் மாஸ்டர்.

உன் மாப்பிள்ளைக்கு எல்லாம் தெரியும். பஸ் ஓட்டுகிறவர் புத்தி பஸ்ஸில்தானே இருக்கும், "ரிவர்ஸ் கியர் இல்லாத வண்டியை எப்படி நம்பறே?" என்று கேட்டார். அதோடு சரி. வாண்டுக்கு என் தலையில் ஹெட்போன் இருக்கும் போட்டோ ஒன்று போதும், பள்ளிக்கூடம் முழுக்கக் காட்டிவிட்டாள்.

அந்தப் பையனைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். இத்தனை வருஷம் இதை நீ யாரிடமும் சொல்லவில்லையே. ஆனாலும் நான் நிறுத்தப் போவதில்லை. நிறுத்தினால் வாழ்நாள் முழுக்க உன்மேல் கோபத்தோடு இருப்பேன், அதற்கு இப்போதே ஒரு சண்டை போடுவது மேல்.

இனி ஒன்றுதான் பெரிதாக மீதி. நீண்ட தூரம் தனியாகப் பறந்து, டவர் உள்ள ஒரு விமான நிலையத்தில் இறங்கித் திரும்ப வேண்டும். அது முடிந்தால் பரீட்சை. எனக்குக் கொடுத்திருக்கும் பாதை உங்கள் ஊருக்கு. மார்ச் இருபத்திரண்டு, காலை. நான் கேட்டு வாங்கவில்லை, நம்பு.

ஒரே ஒரு வேண்டுகோள். அன்று மைக்கில் நீ இருக்காதே. உன் குரலைக் கேட்டால் நான் விமானி இல்லை, கணக்கில் கோட்டை விட்ட எட்டாம் வகுப்புப் பிள்ளை. வேறு யாராவது இருக்கட்டும். இறங்கிய பிறகு நானே டவருக்குப் படியேறி வருகிறேன், சேர்ந்து சாப்பிடலாம். வாக்குக் கொடு.

(நன்றி சொல்லவில்லை, கவனித்தாயா?)

சின்னவள்


24 பிப்ரவரி

அன்புத் தங்கைக்கு,

ஒற்றைக் காலில் நிற்கிறாய். சரி, நில்.

இருபத்திரண்டாம் தேதி எனக்குக் காலைப் பணி போட்டிருந்தார்கள். லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். மைக்கில் நான் இருக்க மாட்டேன், வாக்கு. புதிதாகத் தேர்ச்சி பெற்ற ஒருவன் இருப்பான், நல்ல பையன், நிதானமாகப் பேசுவான். நான் வீட்டில் சமைத்துக்கொண்டிருப்பேன்.

சிலதைக் கேட்டுக்கொள். இங்கே மார்ச் காலைகளில் மூட்டம் வரும். மேகம் இல்லை, புகை மாதிரி ஒன்று. மேலேயிருந்து நேர்கீழே பார்த்தால் தரை தெரியும், எதிரே பார்த்தால் பால். வழி பிடிபடாவிட்டால் திரும்பிப் போ. யாரும் சிரிக்க மாட்டார்கள். திரும்பவும் முடியாவிட்டால் டவரில் சொல். எங்களிடம் ஒரு கருவி இருக்கிறது, நீ மைக்கில் பேசினால் உன் குரல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று அதன் முள் காட்டும். எவ்வளவு தூரம் என்று காட்டாது. நீ பேசினால்தான் காட்டும், வாயை மூடிக்கொண்டால் எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

முதல் நாள் ஒழுங்காகத் தூங்கு.

அக்கா


24 மார்ச்

அக்கா,

வாக்குக் கொடுத்தாயே. என்ன ஆயிற்று உன் வாக்கு?

புறப்படும்போது இங்கே வானம் கழுவிவிட்டதுபோல இருந்தது. பாதி வழி வரை ஒரு குறையும் இல்லை. ஆற்றுப் பாலம் வந்தது, சர்க்கரை ஆலைப் புகைபோக்கி வந்தது, படத்தில் உள்ளபடி ஒவ்வொன்றும் வந்தது. அதற்கப்புறம் நீ சொன்ன மூட்டம். முதலில் மெல்லிசாக இருந்தது, இன்னும் கொஞ்சம் போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அந்தக் கொஞ்சம்தான் தப்பு. திரும்பிப் பார்த்தால் பின்னாலும் மூடிக்கொண்டது.

உன் கடிதம் ஞாபகம் இருந்தது. டவரில் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். "எனக்கு ரன்வே தெரியவில்லை, வழி காட்டுங்கள்." இதை வாய்விட்டு இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மைக்கை அழுத்தி விமானத்தின் எண்ணைச் சொன்னேன்.

பதில் சொன்னது நீ.

"நாற்பத்தேழு, ரன்வே தெரிகிறதா?" என்று கேட்டாய். அந்த நிமிஷம் கீழே, மூட்டத்தின் நடுவே, நேராக ஒரு சாம்பல் பட்டை தெரிந்தது. ரன்வேயாக இருக்கலாம் என்றுதான் தோன்றியது, உறுதியாகத் தெரியாது. வேறு யாராவது கேட்டிருந்தால், உன்னுடைய அந்த நல்ல பையன் கேட்டிருந்தால், தெரியவில்லை என்று சொல்லியிருப்பேன் அக்கா. சத்தியமாகச் சொல்லியிருப்பேன். உன்னிடம் சொல்ல முடியவில்லை. "தெரிகிறது, நன்றி" என்றேன்.

சொல்லிக்கொண்டே இறங்க ஆரம்பித்துவிட்டேன். நீ "நாற்பத்தேழு, இறங்க வேண்டாம், ஏறு, உடனே ஏறு" என்றாய். எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி முடியாது. மற்றவர்கள் சொன்னால் நம்புவாய், நான் சொன்னால் நம்ப மாட்டாய் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன். ஏறும்போது கீழே பார்த்தேன். ரன்வேயில் லாரி போய்க்கொண்டிருந்தது.

ரன்வேயில் லாரி போகாதே அக்கா.

அதன் பிறகு நீ பேசு பேசு என்றாய், ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே இருந்தேன், நீ திசை சொன்னாய், திரும்பினேன். "இப்போது நேர்கீழே பார்" என்றாய். பார்த்தேன், வெள்ளைக் கோடுகளோடு ரன்வே கிடந்தது. சுற்றிச் சுற்றி இறங்கினேன். படியேறி உன்னிடம் வர மனம் வரவில்லை. மதியம் வானம் தெளிந்ததும், மாஸ்டரிடம் போனில் மூட்டத்தால் தாமதம் என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

நீ வராமல் இருந்திருந்தால் நான் பொய் சொல்லியிருக்க மாட்டேன். நீ வந்ததால்தான் உயிரோடு இருக்கிறேன். இதில் எதற்கு உன்மேல் கோபப்படுவது என்றுகூட எனக்குப் புரியவில்லை. ஆனால் கோபம் இருக்கிறது.

சின்னவள்


30 மார்ச்

அன்புத் தங்கைக்கு,

உன் கோபம் நியாயம். வாக்குக் கொடுத்தவளும் நான், மீறியவளும் நான். யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

அன்று காலை அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தேன். எதிர் வீடு தெரியவில்லை. அடுப்பை அணைத்தேனா என்றுகூட ஞாபகமில்லை, டவரில் போய் நின்றேன். மைக்கில் இருந்த புதுப் பையனை எழுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். உன்னைக் காப்பாற்றத்தான் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

நீ "தெரிகிறது" என்றதும் கருவியைப் பார்த்தேன். திசை சரியாகத்தான் இருந்தது, தூரத்தைத்தான் அது காட்டாதே. உனக்குப் பின்னால் ஒரு பயணிகள் விமானம், இறங்க அனுமதி கேட்டுக் காத்திருக்கிறது. அதை முதலில் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கச் சொன்னேன். பிறகு உன்னை ஏறச் சொன்னேன். பின்னால் நின்ற மேலதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை.

"தெரியுதுன்னுதானே சொல்றாங்க, எதுக்கு ஏத்தறீங்க?"

"அவளுக்குத் தெரியலை சார்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நன்றின்னு சொன்னா."

அவர் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தார். நீ ரன்வே மேல் வந்து சேரும்வரை எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. அதன் பிறகு என் கையை மைக்கிலிருந்து எடுக்க முடியவில்லை, அந்தப் பையன்தான் விரல்களைப் பிரித்தான்.

நீ விமானத்துக்குப் பக்கத்தில் டவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய். மேலேயிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கீழே இறங்கி வர எனக்கும் கால் வரவில்லை. அம்மா போன அன்றுகூட அழாதவள், அங்கே கண்ணாடி ஓரம் நின்று அழுதேன்.

உன் கடிதத்தில் ஒரு வரி என்னைத் தூங்க விடவில்லை. என் குரல் என்பதால் பொய் சொன்னாய். அப்படியானால் உன்னை அந்தச் சாலைக்கு இறக்கியதும் நான்தான். தெரியவில்லை என்று என்னிடம் சொல்ல முடியாத அளவுக்கு உன்னை வளர்த்துவிட்டேனா? நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது தெரியாது என்று சொன்னால் நான் என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். குட்டுவேன். எனக்கும் அப்போது பெரிய வயதில்லை, சின்னவளே. வேறு எப்படி ஒரு பிள்ளையை வளர்ப்பது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இனி கசப்பான பகுதி. பயணிகள் விமானத்தை ஏன் சுற்ற விட்டேன் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். உள்ளதை உள்ளபடி எழுதினேன். அவள் என் தங்கை, தெரியாததைத் தெரிகிறது என்றாள், குரலை வைத்துக் கண்டுபிடித்தேன் என்று. என் பணி இல்லாத நேரத்தில், சொந்தக்காரி வரும் விமானத்துக்கு நானாகப் போய் உட்கார்ந்ததற்காக என்னை மைக்கிலிருந்து எடுத்து மேசை வேலையில் போட்டிருக்கிறார்கள். அது போகட்டும். நான் எழுதியது உங்கள் கிளப்புக்கு வரும். அதற்கு முன்னால் நீயே மாஸ்டரிடம் போய்ச் சொல்லிவிடு. வழி தவறியது குற்றமில்லை. தெரிகிறது என்றதுதான் குற்றம்.

உன் உரிமத்தை நான் கெடுத்துவிட்டேன் என்று நினைப்பாய். நினைத்துக்கொள். கால்வாயில் இறங்கிய அந்தப் பையனுக்காக அன்று எழுத முடியாததை உனக்காக எழுதினேன்.

அக்கா


5 மே

சின்னவளுக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. மாப்பிள்ளையிடம் போனில் கேட்டால், "நல்லா இருக்கா அண்ணி, நேரமாகட்டும்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

நான் கேட்பது ஒன்றுதான். கோபமாகவாவது எழுது. திட்டியாவது எழுது. நீ பேசினால்தான் நீ எங்கே இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும்.

அக்கா


14 செப்டம்பர்

அன்புள்ள அக்கா,

உன் மே மாதக் கடிதம் மடித்து மடித்துக் கிழிந்தே போய்விட்டது. பதில் எழுதாதது கோபத்தால் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, உனக்கு எழுத வேண்டுமென்றால் கையில் ஒரு வெற்றி வேண்டும் என்று காத்திருக்கிறேன். அந்தச் சாம்பல் பட்டையைப் பார்த்துத் தெரிகிறது என்றதும் இதே புத்திதான்.

உன் மார்ச் கடிதம் கிடைத்த மறுநாளே மாஸ்டரிடம் போனேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார், நான் சரி செய்து கொடுத்த அதே கண்ணாடி. "வழி தெரியாதவங்களை நான் விமானி ஆக்கியிருக்கேன். தெரியாதுன்னு சொல்லத் தெரியாதவங்களை ஆக்கினதில்லை" என்றார். தனியாகப் பறப்பதை நிறுத்திவிட்டார். அன்று வீட்டுக்கு வந்து நான் அழுத அழுகையில் வாண்டு பயந்துபோய் அவள் பொம்மையைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அப்புறம் மாதக்கணக்கில் அவரோடுதான். ஒவ்வொரு முறையும் என் முகத்துக்கு மறைப்பு போட்டு, விமானத்தை எங்கெங்கோ திருப்பி, மறைப்பை எடுத்துவிட்டு, "எங்கே இருக்கோம்?" என்று கேட்பார். முதல் நாள் வாய்க்கு வந்த ஊரைச் சொன்னேன். உடனே திருப்பிக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வீட்டுக்குப் போகச் சொன்னார். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் "தெரியலை சார்" என்றேன். நாக்கு ஒட்டிக்கொண்டது அக்கா, அந்த ஒரு சொல்லுக்கு. "நல்லது. இப்ப கண்டுபிடிங்க" என்றார்.

ஜூலையில் நீண்ட பயணத்தை மறுபடியும் செய்தேன், வேறு ஊருக்கு. போன வாரம் பரீட்சை. பரிசோதகர் சிரிக்கவே தெரியாதவர். நடுவானில் மறைப்பை எடுத்துவிட்டு, கீழே இருக்கிற ஊர் என்ன என்றார். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றேன். மேலே ஏறி, ஆற்றைத் தேடி, பாலத்தைப் பார்த்து, பிறகு சொன்னேன். இறங்கிய பிறகு கை கொடுத்தார். உரிமம் வந்துவிட்டது.

உன்னை மறுபடியும் மைக்கில் உட்கார வைத்துவிட்டார்கள் என்று உன் மாப்பிள்ளை சொன்னார். நீங்கள் இரண்டு பேரும் எனக்குத் தெரியாமல் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும்.

என்னை வளர்த்ததைப் பற்றி எழுதியிருந்தாய். குட்டினாய், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அன்று அத்தனை குரல்களுக்கு நடுவே என் ஒரு சொல்லைக் கேட்டு, அது பொய் என்று ஒரு பெரிய விமானத்தையே நிறுத்தி வைத்தாயே, அப்படிக் கேட்கும் காதும் அந்த வளர்ப்பில்தானே வந்தது. அதை நினைத்தால் எனக்கு உன்மேல் கோபம் நிற்க மாட்டேன் என்கிறது.

அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை உங்கள் ஊருக்கு வருகிறேன். பக்கத்து சீட்டில் உன் மாப்பிள்ளை, ரிவர்ஸ் கியர் இல்லாத வண்டியில். இந்த முறை லீவு போடாதே. மைக்கில் நீயே இரு. ரன்வே தெரிகிறதா என்று கேள். தெரிந்தால் தெரிகிறது என்பேன். தெரியாவிட்டால் தெரியவில்லை என்பேன்.

மறந்துபோய் நன்றி சொல்லிவிட்டேன் என்றால், ஏறச் சொல். ஏன் என்று கேட்காமல் ஏறிவிடுகிறேன்.

உன்,
சின்னவள்